ஏணியை எடுத்தது நான்தான்

ஏறுங்க தம்பி, ஏறுங்க. காலை நல்லா உள்ள வச்சுக்கிடுங்க, இந்தக் கதவு சரியா அடையாது. ஏல இசக்கி, பையப் போ. பின்னால இருக்கது செங்கல்லு இல்ல, மனுசி. சிலைன்னாலும் மனுசிதானல.

நல்ல நேரத்துக்கு வந்தீங்க பாத்துக்கிடுங்க. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தீங்கன்னா நாற்சந்தியில வெறும் பீடத்தத்தான் போட்டோ புடிச்சுட்டுப் போயிருப்பீங்க. மெட்ராஸ்லேருந்து வாரேன், சிலைகளப் பத்திப் புஸ்தகம் எழுதுதேன், ஆவுடையப்பன் செஞ்ச சிலை எங்கன்னு கேட்டீங்கள்லா, கிரேன்காரன் நேரா என்னக் கைகாட்டிட்டான். காட்டாம என்ன செய்வான்? ஆவுடையப்பனோட சொந்த மச்சினன் நான். அவிய வீட்டுக்காரி கோமு, எனக்குக் கூடப்பொறந்த அக்கா. அந்த நாற்சந்தியிலயே குற்றாலம் பெயிண்ட்ஸ்னு போர்டு பாத்தீங்கள்லா? நம்ம கடைதான். குற்றாலம்ங்கது எம்பேரு.

ரோட்ட அகலப்படுத்துதாங்க. அதுக்குச் சிலைய எடுத்தாகணும். எடுத்து எங்கய்யா வைப்பீங்கன்னு கேட்டா, நகராட்சி கோடவுன்லங்கான். அங்க என்ன கெடக்கு தெரியுமா? சக்கரம் போன குப்பை வண்டி, இத்துப்போன தெருவிளக்குக் கம்பம், நாய் புடிக்க கூண்டு. அதுக்கு நடுவுல எங்க நர்ஸம்மாவப் படுக்கப் போடுவானாம். நான் விடுவனா? நடையா நடந்தேன். இவரப் பாத்து, அவரப் பாத்து, கால்ல விழாத கொறை. கடைசியில, 'சரிய்யா, செஞ்சவரு வீட்டுலயே கொண்டு போயி வையி'ன்னுட்டாங்க. அதான் கொண்டு போறோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீடு. போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும்.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? பதினாறு வருஷமா அந்த வீட்டுக்குள்ள நான் காலு வைக்க முடியல தம்பி. எங்கக்கா எங்கூடப் பேசமாட்டா. எங்கம்மா போகும்போது நான் சின்னப் பய. எனக்குத் தலை சீவி விட்டது அக்கா, சோறு ஊட்டுனது அக்கா, காய்ச்சல்ல கெடந்தா நெத்தியில கைய வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தது அக்கா. எம் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். தட்டுல வெத்தல பாக்கு, பூவு, பழம், எம் பொண்டாட்டி, நான். ஜன்னல் வழியாப் பாத்தா. பாத்துட்டுக் கதவ அடச்சிட்டா. தட்ட வாசப்படியில வச்சுட்டு வந்தோம். கல்யாணத்தன்னைக்கு மேளம் கொட்டுது, தாலி கட்டுதான் மாப்பிள்ள, நான் பந்தல் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கேன். அழுதுட்டேன் தம்பி. மக போறான்னு அழுதேன்னு நெனச்சுட்டாங்க எல்லாரும்.

இன்னைக்கு அக்கா கதவத் தொறப்பா. சிலையோட போறேன்லா. கூட நீங்களும் இருக்கீங்க. வெளியூர்க்காரங்கள வெயில்ல நிக்க வச்சுக் கதவடைக்க மாட்டா, எங்க வீட்டு வளர்ப்பு அப்பிடி இல்ல. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன். இதான் நான் போட்டிருக்க திட்டம்.

என்னத்துக்குப் பேசமாட்டாங்கீங்களா? அதத்தான் நானும் கேக்கேன்! நீங்க படிச்சவங்க. நடந்தத அப்பிடியே சொல்லுதேன், கேட்டுட்டு ஞாயத்த நீங்களே சொல்லுங்க.

அத்தான் சாதாரண ஆளு இல்ல. மெட்ராஸ் ஆர்ட் காலேஜ்ல படிச்சு, அங்கேருந்து ஸ்காலர்ஷிப் வாங்கி ஹங்கேரின்னு ஒரு நாட்டுக்குப் போயி, சிலை செய்யப் படிச்சுட்டு வந்தாவ. நாங்க பொண்ணு கொடுத்தது வந்ததுக்கப்புறம். கம்பளிக் கோட்டு ஒண்ணு கொண்டாந்திருந்தாவ, நம்மூரு வெயிலுக்கு அத ஆணியிலதான் மாட்டி வச்சிருந்தது. அந்த ஊர்ல வெள்ளக் கல்லுல செஞ்ச பழைய காலத்துச் சிலைக நெறைய உண்டாம். அதே மாதிரி செய்யணும்னு அத்தானுக்கு ஒரு வெறி. நிக்க நிலை, துணி மடிப்பு, கை வெரலு, எல்லாம் அளவு பெசகாது. கண்ணு மட்டும் மொட்டையா இருக்கும். கண்மணி கெடையாது. அவிச்ச முட்டையத் தோலுரிச்சு வச்சாப்புல இருக்கும்.

சாப்பிடும்போது அந்த நாட்டுக் கதைதான் பேசுவாவ. அங்க இருநூறு வருஷத்துக்கு முன்னால ஒரு சிற்பி இருந்தானாம். பூட்டுச் செய்யவன் மகன். ரோமாபுரிக்கு நடந்தே போயித் தொழில் படிச்சானாம். திரும்பி வந்து, எங்க நாட்டு ராசாவுக்குப் பெருசா ஒரு சிலை வைப்பேன்னு நின்னானாம். ஊரு மொதல்ல ஆகா ஓகோன்னுச்சாம், அப்புறம் ஒருத்தனும் எட்டிப் பாக்கலையாம். மனசு விட்டுப் போயி, சொந்த ஊருக்கே திரும்பி, செஞ்சதயெல்லாம் ஒடச்சுத் தோட்டத்துல பொதச்சானாம். இதச் சொல்லும்போது அத்தான் பெசஞ்ச சோத்த அப்பிடியே வச்சிருவாவ. அக்கா மோர ஊத்தாமக் கரண்டியப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருப்பா. நான் சொன்னேன், 'அத்தான், அந்தாளுக்கு என்னய மாதிரி ஒரு மச்சினன் இல்லாமப் போயிட்டான், அதான்'னு. சிரிச்சாவ. அப்பம்லாம் நல்லாச் சிரிப்பாவ.

மத்த ஊர்ச் சிலைகளப் பாத்துட்டீங்களா? தாலுகா ஆபீஸ் முன்னால நிக்காரே வக்கீலு, அது அத்தான் செஞ்சது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரு, லாரி சங்கத் தலைவரு, எல்லாம் அத்தான்தான். அதுல ஒண்ணுக்கும் தகராறு வரல. ஏன் சொல்லுங்க பாப்போம்? மூணு பேரும் கண்ணாடி போட்ட ஆளுக! லாரிச் சங்கத்துக்காரரு கூலிங்கிளாஸ். உள்ள கண்மணி இருக்கா இல்லையான்னு எவன் பாத்தான்?

நர்ஸம்மா கண்ணாடி போடலையே. அதுலதான் வந்தது வினை.

பாக்கியம் நர்ஸம்மான்னு எங்க ஊர்ல பச்சப் புள்ளைக்கும் தெரியும். காலரா வந்த வருஷம் டாக்டரே ஓடிட்டானாம். இந்தம்மா ஓடல. கடைசி ஆளுக்கும் பண்டுவம் பாத்துட்டு, அந்தச் சீக்குலயே போயிட்டா. அவளுக்கு ஒரு சிலை வைக்கணும்னு கமிட்டி போட்டோம். நான் செயலாளர். எங்க அத்தான் இருக்கும்போது வேற எவன் செய்யதுன்னு மேசையத் தட்டி, அந்த வேலைய வாங்கிக் கொடுத்ததே நாந்தான். இத யாரும் ஞாபகம் வச்சுக்கிட மாட்டாங்க.

சிலை செய்யப் போட்டோ வேணும்லா? நர்ஸம்மாவுக்கு ஒரே ஒரு போட்டோதான். ஆஸ்பத்திரிக் கூட்டத்துல பின்னால நிக்கா, மூஞ்சி பொட்டு மாதிரித் தெரியுது. அத்தான் அத வச்சுக்கிட்டு ஒரு மாசமா முழிச்சாவ. அப்புறம் ஒரு நாளு, 'குத்தாலம், மூஞ்சி கெடச்சிட்டு'ன்னாவ. எங்க கெடச்சுதோ, யாரு கொடுத்தாங்களோ, நான் கேக்கல. கெடச்சாச் சரி. அன்னையிலேருந்து மத்தியானம் ஆச்சுன்னா அக்காவக் கொட்டகையில ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருவாவ. ஈரச் சேலை! நனைச்ச சேலையச் சுத்தி உக்கார வச்சு மடிப்புப் பாக்காவளாம். அந்த ஊரு முறையாம் அது. ஈரத்துணிதான் ஒடம்போட ஒட்டி விழுமாம். நான் சத்தம் போட்டேன், 'அத்தான், சளி புடிச்சுக்கிடாதா அவளுக்கு? மடிப்புதான வேணும், ஒரு நாற்காலிக்குச் சுத்திப் பாருங்க'ன்னு. அக்கா என்னப் பாத்துச் சிரிச்சா. தலைய லேசாச் சாய்ச்சுக்கிட்டுச் சிரிப்பா எப்பவும். 'போடா கூறுகெட்டவனே'ன்னா. அவ அவ்வளவு சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. புள்ள குட்டி இல்லாத வீடுல்லா. ஏதோ பொழுது போச்சு.

ஏன் தம்பி பின்னால திரும்பித் திரும்பிப் பாக்கீங்க? கயிறு நல்லாத்தான் கட்டியிருக்கு. விழாது.

சிலை வந்து எறங்குச்சு. வெள்ள சிமெண்டு, மார்பிள் பவுடரு, பாலு மாதிரி இருக்கு. ஒரு கை மார்புல, ஒரு கை நீட்டுனாப்புல. தலை லேசாச் சாஞ்சு, நோயாளி சொல்லுதத காது கொடுத்துக் கேக்க மாதிரி. நான் மெய்மறந்து நிக்கேன், பக்கத்துல சேர்மன் கேக்காரு, 'ஏன்வே குத்தாலம், உம்ம அத்தான் கண்ணு வைக்க மறந்துட்டாரா?' பின்னாலேருந்து ஒருத்தன், 'குருடியால்லா இருக்கா'ன்னான். கமிட்டி மொத்தமும் மொணங்குது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

அத்தான்கிட்டப் போயிக் கேட்டேன். என்ன சொன்னாவ தெரியுமா? 'கண்மணி வச்சா அவ ஒரு தெசையத்தான் பாப்பா. வைக்காட்டா, எதுத்தாப்புல வந்து நிக்கவன் ஒவ்வொருத்தனும் என்னயத்தான் பாக்கான்னு நெனச்சுக்கிடுவான். வேலை முடிஞ்சுட்டு குத்தாலம், இனிமே ஒண்ணும் இல்ல'ன்னாவ. இதக் கொண்டு போயிக் கமிட்டியில சொன்னா எடுபடுமா நீங்களே சொல்லுங்க? ஹங்கேரியில எடுபடும். இங்க எடுபடுமா?

அப்பந்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கே ஆச்சரியம், எப்பிடி வந்துதுன்னு. கமிட்டியில எந்திரிச்சுச் சொன்னேன், 'அய்யா, நம்ம கோயில்ல சாமி சிலைக்குக் கடைசியில என்ன செய்வாங்க? கண்ணு தொறப்பாங்க. அதுக்குத்தான் அத்தான் விட்டு வச்சிருக்காவ. தொறப்பு விழா அன்னைக்கு மந்திரி கையால நர்ஸம்மாவுக்குக் கண்ணு தொறக்கணும்.' கைதட்டல் கூரையப் பிச்சுக்கிட்டுப் போச்சு தம்பி! சேர்மன் என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. நோட்டீஸ்ல அடிச்சாச்சு, 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள் சிலையைத் திறந்து, கண்ணையும் திறந்து வைப்பார்'னு. பெயிண்ட் நம்ம கடையிலேருந்து இலவசம். எனாமல். கம்பெனிச் சரக்கு, வெயில் மழை ஒண்ணும் செய்யாது.

அத்தான்கிட்டச் சொன்னியான்னு கேக்கீங்க. இல்ல. விழா மேடையில பாத்துச் சந்தோசப்படட்டும்னு இருந்தேன்.

விழா வந்தது. மேளம், மாலை, கூட்டம். துணிய இழுத்தாச்சு. ஒரு அய்யரு சிலைக்கு மொகம் பாக்க கண்ணாடியக் காட்ட, மந்திரி ஏணியில ஏறுதாரு. நான் கிண்ணத்துல கருப்புப் பெயிண்ட்டும் தூரிகையும் நீட்டுதேன். அத்தான் மேடையில நாற்காலியில உக்காந்திருக்காவ. அவியளப் பாத்து நான் கைய ஆட்டுனேன். அவியளுக்கு ஒண்ணும் வெளங்கல, மொகம் வெளிறிப் போயி எந்திரிச்சு நிக்காவ. மந்திரி மொதக் கண்ண வச்சாரு. பரவாயில்ல, நடுவாப்புல விழுந்துச்சு. ரெண்டாவது கண்ணுல தூரிகைய வைக்கும்போது போட்டோக்காரன், 'சார், இங்க பாருங்க'ன்னு கத்திட்டான். மந்திரி திரும்ப, கையும் திரும்ப, கண்மணி மேல ஓரத்துக்குப் போயிட்டு. ஒரு கண்ணு நம்மளப் பாக்கு, ஒரு கண்ணு தண்ணித் தொட்டியப் பாக்கு.

சிரிச்சாங்க. நான் இல்லன்னு சொல்லல. கூட்டத்துல பொம்பளைக முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எங்க அக்கா மேடைக்குக் கீழ மொத வரிசையில புதுச் சேலை கட்டி உக்காந்திருந்தா. அவ சிரிக்கல.

சரி, நடந்தது நடந்து போச்சு. நான் என்ன நெனச்சேன்னா, ஒரு மாசம் ஆறப் போட்டு, சத்தம் காட்டாம அந்த ஒரு கண்ண மட்டும் திருத்திரலாம்னு. அத்தான் பொறுத்தாவளா? மறுநாள் காலையில கடை தொறந்ததும் வாராவ. நம்ம கடை ஏணியத் தூக்குனாவ, ஒரு டப்பாவுல டர்பன்டைன் ஊத்தி ஏணியில தொங்கவிட்டாவ. நேரா நாற்சந்திக்குப் போயி, பீடத்துல ஏறி, அந்தக் கோணக் கண்ணத் தொடைக்க ஆரம்பிச்சாச்சு.

நான் கடையிலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். கோணக் கண்ணு போயிட்டு, பளிச்சுன்னு வெள்ளையாயிட்டு. நேரா இருந்த அடுத்த கண்ணுக்குக் கைய வைக்காவ, கட்சிக்காரப் பயக வந்துட்டானுக. 'எங்க மந்திரி தொறந்த கண்ண அழிக்கியா? எறங்குல கீழ!' கெட்ட கெட்ட வார்த்தை. ஒருத்தன் கையில செங்கல்லு. ஒருத்தன் ஏணியில காலை வச்சுட்டான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அத்தான அடிச்சுப்புடுவானுகளேன்னு ஓடுனேன் தம்பி. ஓடி, ஏணியில ஏறுனவனத் தள்ளிவிட்டுட்டு, ஏணிய உருவி எடுத்துக்கிட்டுக் கடைக்குள்ள போட்டு ஷட்டர எறக்கிட்டேன். எப்பிடி? ஏணி இல்லாம எவன் ஏறுவான்? பீடம் ரெண்டாள் ஒசரம். ஒரு பயலும் அத்தானத் தொட முடியல.

நான் இல்லன்னா அன்னைக்கு அத்தான் எலும்பு ஒண்ணு மிஞ்சியிருக்காது. ஏணிய எடுத்தது நாந்தான், எவன் கேட்டாலும் நெஞ்சத் தட்டிச் சொல்லுவேன்.

ஒரு சின்னக் கொறை. டர்பன்டைன் டப்பா ஏணியிலயே தொங்கிக்கிட்டிருந்துச்சுல்லா, அதுவும் கூடவே வந்துட்டு. அவசரத்துல யாரு பாக்கா? மேல அத்தான் கையில, கோணக் கண்ணத் தொடச்சுக் கருப்பாக் காஞ்ச துணி மட்டுந்தான். எறங்கவும் முடியல. அப்பிடியே சிலையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்காவ. நின்னுக்கிட்டு அந்த மிச்சக் கண்ணத் தேய்க்காவ. துணிய எச்சியில நனைச்சு நனைச்சுத் தேய்க்காவ. போகுமா? எங்கடைச் சரக்குல்லா! எச்சிக்கெல்லாம் அசையுமா?

சந்தைக்கு வந்த சனம் பூரா கூடிட்டு. போலீஸ்காரன், 'கட்சிக்காரங்க கலையட்டும், அப்புறம் எறக்கலாம்'னுட்டான். ஏணிய வெளிய கொடுத்தா அவனுக ஏறிருவானுக, நானும் ஷட்டரத் தொறக்கல. வெயில் ஏறிட்டு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக, மார்க்கெட் பொம்பளைக, எல்லாரும் அண்ணாந்து பாத்துச் சிரிக்காங்க. 'பாட்டா, அவ கழுத்த விடும், கோவப்படுவா'ன்னு ஒருத்தன். 'அம்மணிக்கு முத்தம் கொடுக்காரு'ன்னு ஒருத்தன். மத்தியானம் தீயணைப்பு வண்டி வந்துதான் எறக்குச்சு. எறங்கும்போது அத்தான் வாயெல்லாம் கருப்பு.

அதுக்குள்ள அக்கா வந்துட்டா. யாரோ போயிச் சொல்லியிருக்கான். கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தா. 'ஏணிய யாரு எடுத்தா?'ன்னு கேட்டா. 'நாந்தான்க்கா'ன்னேன். தம்பி, நான் என்ன நெனச்சேன்? புருசன் உயிரக் காப்பாத்துனவன்னு என் கையப் புடிச்சுக்கிடுவான்னு நெனச்சேன். அவ என்னப் பாக்கல. அண்ணாந்து சிலையப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் அத்தான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கு நின்னதுதான் பேச்சு.

அந்த வாரமே ஊரக் காலி பண்ணிட்டுத் தோட்டத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. அத்தான் அதுக்கப்புறம் களிமண்ணுல கை வைக்கல. கொட்டகையில கெடந்த வார்ப்பு, பொம்மை எல்லாத்தயும் மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போனாவ. தோட்டத்துல ஆழமாக் குழி வெட்டுதாவன்னு கேள்விப்பட்டேன். தென்னங்கன்னு வைக்கப் போறாவ போலன்னு, நல்ல கன்னாப் பத்து வாங்கி அனுப்பிச்சேன். திருப்பி அனுப்பிட்டா அக்கா.

நான் விட்டுட்டனா? விடல. அத்தான் பேரு நிக்கணும்லா. வருஷா வருஷம் நர்ஸம்மா நினைவு நாளுக்குச் சிலைக்குப் பெயிண்ட் நம்ம கடைதான். சேலைக்குத் தங்கக் கலரு, கை காலுக்கு ரோசு. அந்த ஒரு கண்ணு மட்டும் கருப்பு, மந்திரி வச்ச கண்ணுல்லா, அத அழிக்கப்படாதுன்னு கட்சியில சொல்லிட்டாங்க. இன்னொண்ண வைக்கவும் எவனும் துணியல. பஸ் ஸ்டாப்புக்கே 'ஒத்தக்கண்ணு'ன்னு பேராயிட்டு. கண்டக்டர் கத்துவான், 'ஒத்தக்கண்ணு எல்லாம் எறங்கு!' எங்கடைப் பையிலயே அடிச்சிருக்கேன், இந்தா பாருங்க: 'குற்றாலம் பெயிண்ட்ஸ், ஒத்தக்கண் சிலை எதிரில்.' அப்பிடிச் சொன்னாத்தான் வெளியூர் ஆளுக்கும் வெளங்குது. மத்த ஊர்க்காரங்களும் வந்தாங்க, எங்க சிலைக்கும் கண்ணு தொறக்கணும்னு. ஹெட்மாஸ்டருக்கு, வக்கீலுக்கு எல்லாம் கண்ணாடிக்குள்ள கண்ணு வச்சுக் கொடுத்தது நம்ம பெயிண்டரு. அத்தான் வேலை பாதியில நிக்கப்படாதுல்லா.

என்ன தம்பி, தண்ணி வேணுமா? ஒரு மாதிரி இருக்கீங்க. வண்டி குலுக்குதுல்லா, அப்பிடித்தான் இருக்கும்.

இப்பம் ஒரு விசயம் சொல்லுதேன், உங்களுக்கு மட்டும். ஒத்தக் கண்ணோட சிலையக் கொண்டு போயி அக்கா முன்னால எறக்குனா நல்லாவா இருக்கும்? பழச எல்லாம் ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிரும். அதனால முந்தாநாளு சாரத்துல நானே ஏறுனேன். பெயிண்டர விடல, என் கையாலதான். நல்ல அணில் முடித் தூரிகை. அந்தக் கண்ணுக்குச் சோடியா இன்னொரு கண்ண எழுதிட்டேன். கோணல் கீணல் இல்ல, அச்சுல வார்த்தாப்புல இருக்கு. பதினாறு வருஷத்துப் பாவம் போச்சு. இப்பம் ரெண்டு கண்ணும் நேராப் பாக்கு தம்பி!

ஏன் வண்டிய நிறுத்தச் சொல்லுதீங்க? ஒண்ணுக்கா? இருங்க, இந்தா வந்துட்டு. அந்தப் பச்சக் கேட்டுதான். ஏல, ஆரன அடி. அடிக்காத, அடிக்காத, அத்தானுக்குப் புடிக்காது.

அக்கா! கோமு அக்கா! நாந்தான் குத்தாலம். அடைச்சிராத, யாரக் கூட்டியாந்திருக்கேன் பாரு, மெட்ராஸ்லேருந்து ஒரு தம்பி, அத்தானப் பத்திப் புஸ்தகம் எழுதப் போறாரு. நான் உள்ள வரல, இங்கனயே நிக்கேன். ஒரு பொருளு கொண்டாந்திருக்கேன்க்கா. அத்தான், நீங்களும் வாங்க. ஏல இசக்கி, சாக்கப் பிரி. மூஞ்சிச் சாக்க மொதல்ல பிரில. பாருக்கா. ரெண்டு கண்ணும் வந்துட்டு பாரு.

உக்காருங்க தம்பி. இந்த மதகு மேலயே உக்காருங்க, நெழலா இருக்கு. நானும் இப்பிடி உக்காந்துக்கிடுதேன்.

சிலைய உள்ள எறக்கி வச்சாச்சு. அதுவரைக்கும் சரி. தோட்டத்து ஆளுக ரெண்டு பேரு வந்து புடிச்சாங்க, நீங்களும் கை கொடுத்தீங்க, நல்லா இருக்கணும் நீங்க. ஆனா ஏன் எல்லாரும் அப்பிடி நின்னீங்க? அத்தான் சிலையப் பாக்கவே இல்ல, அக்காவத்தான் பாத்துக்கிட்டு நின்னாவ. நீங்க அவளப் பாக்கீங்க, சிலையப் பாக்கீங்க, மறுபடி அவளப் பாக்கீங்க. இசக்கிப் பய வாயப் பொளந்துக்கிட்டு நிக்கான். அக்கா சிலைக்குப் பக்கத்துல தலையச் சாய்ச்சுக்கிட்டு நின்னா. நான் அந்தப் புதுக் கண்ணக் காட்டிப் பேசிக்கிட்டே இருக்கேன்.

பேசிட்டாள்லா தம்பி! எங்கக்கா எங்கூடப் பேசிட்டா. நீங்களும் கேட்டீங்கள்லா? என்ன சொன்னா? 'ஏல, இத்தன வருஷமா ஒங்கடைக்கு எதுத்தாப்புல நாற்சந்தியில நின்னேன். ஒரு நாளாவது ஒனக்கு என்னய அடையாளம் தெரிஞ்சுதால?' அப்பிடித்தான கேட்டா?

எனக்கு அந்நேரம் ஒண்ணும் ஓடல. 'என்னக்கா சொல்லுத, அது நர்ஸம்மால்லா'ன்னுட்டேன். சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. பையக் கேட்ட அடச்சா, கொண்டியப் போட்டா, போயிட்டா.

ஏல இசக்கி, வண்டிய எடுக்காத. இருல.

தம்பி, நீங்க உக்காந்திருங்க. அந்தக் கேட்டுல தகரத்துக்கு நடுவுல ஒரு சந்து இருக்கு. ஒரு தரம் எட்டிப் பாத்துட்டு வந்திருதேன். இல்ல, அக்கா உள்ள போயிட்டா. சிலையத்தான்.